உள்ளே வைத்த பொட்டு

மூடியைத் திறந்து பத்து நிமிடமாகியும் எண்காட்டி பூஜ்யத்திலேயே நின்றது. தமயந்தி கம்பியைக் கழற்றி, முனையை முந்தானையால் துடைத்து, மறுபடி மாட்டினாள். பூஜ்யம். நொடிக்கு நாற்பதாயிரம் என்று ஓட வேண்டிய எண் அது.

மணி ஒன்பதே கால். பத்தரைக்குச் சென்னையிலிருந்து பரிசோதகர் வருகிறார். தமயந்தி வேலைக்குச் சேர்ந்தபின் இதுதான் முதல் பரிசோதனை. பதினோரு மணிக்குப் பூ எடுப்பு.

கைவிளக்கை உள்ளே அடித்துப் பார்த்தாள். ஒளி புறப்படும் குழாய், அதன் வாயில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு வட்டக் கண்ணாடி, அதற்கப்பால் சாய்த்து நிறுத்திய பெரிய கண்ணாடி. எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. வட்டக் கண்ணாடியின் நடுவில் அவள் வைத்த பொட்டும் இருந்தது. சந்தனம் காய்ந்து வெடித்து, அதன்மேல் குங்குமம், அதன்மேல் மறுபடி சந்தனம். ஐந்து ஆயுத பூஜைக்கு வைத்தது.

பார்த்துக்கொண்டே நின்றவளுக்கு முதலில் ஒன்றும் தோன்றவில்லை. பிறகு கைவிளக்கைக் குழாயின் வாய்க்கு நேரே பிடித்தாள். ஒளி வரும் வழியையே பொட்டு அடைத்திருந்தது.

செவல்குளம் மாவட்ட மருத்துவமனைக்கு, நுரையீரல் இறுகும் நோய்க்கான மருந்து மாதம் ஒரு புட்டி வரும். ஒரு புட்டி ஓர் உயிர். கேட்டு நிற்பவர்களோ இருபது முப்பது பேர். நிலைமை மிக மோசமான இருவரை மருத்துவர்கள் பொறுக்கி எடுப்பார்கள். அந்த இருவரில் ஒருவரை விலக்க எந்த மனிதருக்கும் கை வராது என்பதால் அரசாங்கம் இந்தப் பெட்டியைக் கொடுத்தது. பொத்தானை அழுத்தினால் ஒரே ஓர் ஒளித்துகள் கிளம்பிப்போய்ச் சாய்ந்த கண்ணாடியில் படும். ஊடுருவிப் போனால் வெள்ளை விளக்கு எரியும். தெறித்துத் திரும்பினால் சிவப்பு. கல்யாணத்துக்கும் ஆபரேஷனுக்கும் பூ கட்டிப் பார்க்கிற ஊர் அது. நோயாளிகள் ஒருவர் வெள்ளை, ஒருவர் சிவப்பு என்று ஆளுக்கொரு பூவைக் கையில் எடுத்துக்கொண்டு விளக்கைப் பார்த்து நிற்பார்கள். எந்த நிறம் எரிகிறதோ அந்தப் பூக்காரருக்கு மருந்து. அதனால் பூப்பெட்டி என்றே பெயர் நின்றுவிட்டது.

பெட்டியைவிடப் பெரியது அதோடு வந்த சட்டம். அந்தத் துகள் இரண்டு பக்கமும் போகிறது. அந்த இடத்தில் உலகமே இரண்டாகப் பிரிகிறது. ஒன்றில் இவர் பிழைக்கிறார், மற்றதில் அவர் பிழைக்கிறார். ஆகவே மருந்து இருவருக்கும் கொடுக்கப்பட்டதாகவே கருதப்படும். இரண்டாவது புட்டி கேட்டு வழக்குப் போட்டவர்களுக்கு நீதிமன்றம் அந்த வரியைத்தான் படித்துக் காட்டியது.

மற்ற உலகத்துக்கு ஊர் வைத்த பெயர் அங்கிட்டு. பூ தோற்ற வீட்டில் இழவு விழுந்தாலும் கருமாதி கிடையாது, திதி கிடையாது, படத்துக்கு மாலை கிடையாது. அங்கிட்டு உயிரோடு இருக்கிற மனிதருக்கு எப்படி எள்ளும் தண்ணீரும் இறைப்பது? வருடாவருடம் பூ எடுத்த நாளில் பாயசம் வைத்து அக்கம்பக்கத்துக்குக் கொடுப்பார்கள். "அங்கிட்டு எப்படி இருக்காரு?" என்று கேட்பார்கள். "நல்லா இருக்காரு, உடம்பு கொஞ்சம் பெருத்திருப்பாரு" என்பார்கள்.

தமயந்தியும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். லாரி மெக்கானிக்காக இருந்த அவள் புருஷன் கார்மேகம் பூ தோற்று, மூன்றாம் மாதம் மூச்சு முட்டிச் செத்தான். தீபாவளிக்குத் தீபாவளி அவனுக்குச் சட்டை எடுப்பாள். உயிரோடிருந்தபோது முப்பத்தெட்டு அளவு. போன தீபாவளிக்கு நாற்பத்திரண்டு எடுத்தாள்.

அன்று ஜெயித்த பூ பேச்சியம்மாளுடையது. ஆஸ்பத்திரி வாசலிலேயே டீக்கடை போட்டிருக்கிறாள், நன்றாக இருக்கிறாள். ஐந்து வருடமாகத் தமயந்தி அந்தக் கடையில் ஒரு வாய் டீ குடித்ததில்லை. கோபம் இல்லை. அந்த அம்மாள் கண்ணில் பட்டாலே, தான் நிற்பது தோற்ற பக்கம் என்பது உறைக்கும். பேச்சியம்மாளுக்கும் ஏதோ கூச்சம் இருந்திருக்க வேண்டும். வருடாவருடம் அந்த நாளில் மட்டும் கடையைத் திறக்க மாட்டாள்.

தமயந்தி பதிவேட்டைத் திரையில் வரவழைத்தாள். எண் எந்த நாளிலிருந்து பூஜ்யம் என்று தேடினாள். தேட வேண்டியதே இல்லை, அவளுக்குத் தெரியும். வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது மாதம் வந்த ஆயுத பூஜை. எல்லா மதத்துக்காரர்களும் வந்து நிற்கிற பெட்டி, அதன்மேல் பொட்டு கிட்டு வைக்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். மனசு கேட்கவில்லை. பூ எடுக்கப்போகும் இருவரில் அந்த மாதம் அவள் புருஷனும் ஒருவன். யாரும் பார்க்காதபோது மூடியைத் திறந்து உள்ளே வைத்தாள். அந்த வட்டக் கண்ணாடி நெற்றி மாதிரி இருந்தது. ஏதோ மூடி என்று நினைத்துக்கொண்டாள்.

பத்தொன்பது நாள் கழித்துக் கார்மேகத்தின் பூ எடுப்பு.

ஒளி வராவிட்டாலும் பெட்டி நிற்காது. மந்திரி மேடையில் இருக்கும்போது நின்று மானத்தை வாங்கக் கூடாது என்று, தொழிற்சாலையிலேயே வெள்ளை, சிவப்பு என ஒரு பட்டியலை எழுதி உள்ளே வைத்திருந்தார்கள். துகள் வராத நாளில் அந்தப் பட்டியலிலிருந்து வரிசையாக ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டும். பெட்டி சரியாக இருக்கிறது என்று காட்டும் பச்சை விளக்கும் வழக்கம்போல எரியும். ஐம்பத்தொன்பது மாதமாகப் பட்டியல்தான் ஓடியிருக்கிறது. எந்தத் துகளும் எந்தக் கண்ணாடியிலும் படவில்லை. எந்த உலகமும் பிரியவில்லை.

பட்டியலின் முதல் வரி வெள்ளை.

அன்று கார்மேகத்தின் கை நந்தியாவட்டைப் பக்கம்தான் போனது. "வெள்ளை வேண்டாம்ங்க, செம்பருத்திய எடுங்க. மங்களம்" என்று சொன்னது அவள்தான்.

எத்தனை உலகம் இருந்தாலும் அன்றைக்கு விளக்கு வெள்ளையாகத்தான் எரிந்திருக்கும். நாற்பத்திரண்டு அளவுச் சட்டையைப் போட்டுக்கொள்ள எங்கிட்டும் ஆள் இல்லை.

அறுபதாவது வரியையும் பார்த்தாள். இன்றைக்கு உரியது. வெள்ளை.

"என்னம்மா, பெட்டி ரெடியா?"

நுரையீரல் பிரிவின் தலைவர் டாக்டர் அழகர்சாமி உள்ளே வந்தார். இந்தப் பெட்டிக்காகவும் சட்டத்துக்காகவும் ஏறாத படியெல்லாம் ஏறியவர். தமயந்தி எழுந்து நின்றாள். கைவிளக்கை நீட்டினாள். அவர் குனிந்து பார்த்தார். திரையைப் பார்த்தார். கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"எத்தன மாசம்?"

"அம்பத்தொம்போது சார்."

அவர் மேசைமேல் இருந்த பஞ்சைக் காட்டினார்.

"பஞ்சு எடுங்க. நனைச்சுத் தொடைங்க. முடிஞ்சுபோச்சு. இனிமே சரியா ஓடும்ல?"

"ஓடும் சார். ஆனா ஓடினதெல்லாம்?"

"அம்பத்தொம்போது வீட்டுல பாயசம் வைக்கிறாங்கம்மா. போய், உங்க ஆளு அங்கிட்டும் செத்துட்டாருன்னு சொல்லப் போறீங்களா? ஒவ்வொரு வீட்டுலயும் ரெண்டாவது தடவ பொணம் எடுக்கணுமா?"

"என் வீடும் அதுல ஒண்ணு சார்."

அவர் குரல் இறங்கியது. "தெரியும்மா. இதக் கேளுங்க. உலகம் பிரியறது இந்தப் பெட்டிக்குள்ள மட்டும் இல்ல. எங்கயும், எந்நேரமும் பிரிஞ்சுக்கிட்டேதான் இருக்கு. எங்கயோ ஒரு தமயந்தி அந்தப் பொட்ட ஒரு நெல்லு தள்ளி வச்சிருப்பா. அங்க ஒளி தடையில்லாம போயிருக்கும். அங்க உங்க வீட்டுக்காரரு நல்லாத்தான் இருக்காரு."

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். ஐந்து வருடத்தில் முதல் தடவையாக அந்த வார்த்தை அவளுக்குள் இறங்கவில்லை. எதைச் சொன்னாலும் இவரிடம் இன்னோர் உலகம் கைவசம் இருக்கும் என்று தோன்றியது. ஒரு புட்டிக்கு மேல் வாங்க வேண்டாத உலகம்.

பஞ்சை எடுத்தாள். நனைத்தாள். கை போகவில்லை. துடைத்தால் சாட்சி போய்விடும். அப்படியே மூடியைப் போட்டுப் பூட்டினாள்.

கதவு தட்டப்பட்டது. பரிசோதகர் ஹெப்சிபா அரை மணி நேரம் முன்னதாகவே வந்துவிட்டாள். நாற்பது வயதிருக்கும். தோளில் கருவிப்பை. கையில் டீ கப்.

"வாசல்ல ஒரு அம்மா குடுத்தாங்க. காசு வாங்க மாட்டேன்னுட்டாங்க. 'பூப்பெட்டி பாக்க வந்தவங்களுக்கு ஃப்ரீ'யாம். சாவி குடுங்க, திறந்து பாத்துடலாம்."

"பூ எடுப்பு முடியட்டும் மேடம்" என்றார் டாக்டர். "நடுவுல திறந்தா ஜனங்க சந்தேகப்படுவாங்க."

"இந்தப் பெட்டி மேல எனக்கும் சந்தேகம்தான் சார். ஓடறதுல இல்ல, அர்த்தத்துல." அவள் சிரித்தாள். "நீங்க பல உலகக் கட்சி. நான் ஒத்த உலகக் கட்சி. துகள் ஒரு பக்கம்தான் போகும். போகாத பக்கம்னு ஒண்ணு கெடையவே கெடையாது."

"நிரூபிங்களேன்."

"நீங்க நிரூபிச்சுட்டீங்களா? ரெண்டு பேரு கணக்கும் ஒரே விடைதான் தருது. மூணாவது கட்சி ஒண்ணு இருக்கு, 'கணக்கு சரியா வருதுல்ல, அர்த்தம் கேக்காத'ம்பாங்க. அவங்களுக்கும் அதே விடை. மூணு பேரும் ஒரே மார்க். சட்டம் போட்டவங்க மட்டும் ஒரு கட்சியத் தேர்ந்தெடுத்தாங்க. ஏன்னு கேளுங்க."

"ஏன்?" என்று கேட்டது தமயந்தி. இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் கேள்வி கேட்டு யாரும் கேட்டதில்லை.

"அது ஒண்ணுதான் மலிவு" என்றாள் ஹெப்சிபா.

பத்தேமுக்காலுக்குக் குளிர்பெட்டியிலிருந்து மருந்துப் புட்டியை வெளியே எடுத்தார்கள். எடுத்தால் பன்னிரண்டு மணிக்குள் உடம்பில் ஏற்றிவிட வேண்டும். மறுபடி குளிர வைக்க முடியாது.

கூடத்தில் இரண்டு சக்கர நாற்காலிகள். ஒன்றில் சுடலைமணி, ஐம்பத்து நாலு வயது, பருத்தி வியாபாரி. பின்னால் அவர் மனைவி. இன்னொன்றில் செலின், பத்தொன்பது வயது, மூக்கில் ஆக்ஸிஜன் குழாய். பக்கத்தில் அவள் அப்பா அந்தோணி.

"என்னத்தா, ஜெபமெல்லாம் பண்ணியாச்சா?" என்றார் சுடலைமணி.

"பண்ணியாச்சு அண்ணாச்சி. உங்களுக்கும் சேத்துத்தான்."

"எனக்கெதுக்குத் தாயி? ரெண்டு பேருக்கும் கேட்டா சாமி கொழம்பிராது?"

செலின் சிரிக்கப்போய் இருமினாள். இருமல் நிற்க வெகு நேரமாயிற்று. சுடலைமணி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

தமயந்தி தாம்பாளத்தை ஏந்தி நடந்தாள். ஒரு செம்பருத்தி, ஒரு நந்தியாவட்டை. வயதில் இளையவர் முதலில் எடுப்பது வழக்கம். செலின் முன்னால் போய் நின்றாள்.

எல்லோரும் கேட்கிற கேள்வியைத்தான் அந்தப் பெண்ணும் கேட்டாள். "அக்கா, எத எடுக்க?"

எல்லோரிடமும் சொல்கிற பதில் ஒன்று இருந்தது. உன் மனசுக்குப் பட்டதை எடு. ஐந்து வருடமாகச் சொன்னது. இன்று அது பொய். கண்ணால் காட்டினால் போதும், இந்தப் பிள்ளை பிழைத்துவிடும். இரண்டடி தள்ளி சுடலைமணியின் மனைவி தாலியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருந்தாள். பேசாமல் இருந்துவிட்டால்? அதுவும் ஒருத்தரைக் கொல்வதுதான், யாரை என்று மட்டும் பார்க்காமல். செலினின் விரல் செம்பருத்தியைத் தொட்டுவிட்டது.

"எடுக்காத" என்றாள் தமயந்தி.

செலின் விரலை இழுத்துக்கொண்டாள்.

"அம்மா தமயந்தி" என்றார் டாக்டர். அது கெஞ்சலாகத்தான் இருந்தது.

அவள் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். பொட்டு வைத்ததை, ஒளி மறைந்ததை, பட்டியல் ஓடியதை. உள்ளே ஒன்றும் பிரியவில்லை என்பதை. பேசப்பேசக் குரல் தேய்ந்தது. கடைசி வரியைச் சுடலைமணி, "என்னன்னு சொல்லும்மா, கேக்கல" என்று இரண்டு தடவை கேட்டு வாங்கினார்.

"இன்னைக்கு வெள்ளை அண்ணாச்சி. பொத்தானப் போட்டாலும் போடாட்டியும் வெள்ளைதான்."

அவள் எதிர்பார்த்தது அழுகையை. நடந்தது வேறு. அந்தோணி ஒரே எட்டில் தாம்பாளத்துக்குப் பாய்ந்தார். சுடலைமணி நாற்காலியிலிருந்தே கையை வீசினார். இரண்டு கைகளும் நந்தியாவட்டையின் மேல் ஒன்றாக விழுந்தன. தாம்பாளம் கணீரென்று தரையில் உருண்டது.

"விடுங்க அண்ணாச்சி! எம்புள்ளைக்குப் பத்தொம்பது வயசு!"

"எனக்கும் உசுருதான்யா! வயசானா வேற உசுரா?"

ஐந்து வருடமாக அந்தக் கூடத்தில் யாரும் யாருடைய கையையும் இப்படிப் பிடித்ததில்லை. தோற்றவர்கள் ஜெயித்தவர்களுக்குக் கும்பிடு போட்டுவிட்டுத்தான் போவார்கள். ஹெப்சிபா இதற்குள் சாவியைப் பிடுங்கி மூடியைத் திறந்திருந்தாள். நகத்தால் கண்ணாடியைச் சுரண்டிப் பார்த்தாள். சந்தனம் படை படையாக உதிர்ந்தது. கைபேசியில் படம் எடுத்துக்கொண்டாள்.

மணி பதினொன்று இருபத்தைந்து.

"அப்பா." செலின் குழாயைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு பேசினாள். "விடுங்கப்பா. அவருக்கும் மூச்சு வாங்குது." பிறகு தமயந்தியைப் பார்த்து, "தொடச்சா சரியாயிருமாக்கா?"

"ஆயிரும்."

"அப்பத் தொடச்சுட்டுப் போடுங்க. இந்தத் தடவையாச்சும் நெசமாப் போடுங்க."

அந்தோணியின் கை தளர்ந்தது. கசங்கிய நந்தியாவட்டை சுடலைமணியின் விரல்களுக்குள் இருந்தது. அவர் அதை நீட்டினார். செலின் தலையை ஆட்டிவிட்டுத் தரையில் கிடந்த செம்பருத்தியைக் காட்டினாள். அந்தோணி குனிந்து எடுத்துக் கொடுத்தார்.

தமயந்தி நனைத்த பஞ்சால் துடைத்தாள். முதல் பஞ்சு சிவந்தது, இரண்டாவது மஞ்சளானது. ஏழாவது பஞ்சு வெள்ளையாகவே வந்தது. எண்காட்டி ஒரு தரம் துடித்து, பிறகு விறுவிறுவென்று ஏறியது. நாற்பதாயிரத்துச் சொச்சத்தில் போய் நின்றது. ஹெப்சிபா பார்த்துத் தலையசைத்தாள். பட்டியலைத் துண்டித்தார்கள். தமயந்தி பொத்தானை அழுத்தினாள்.

வெள்ளை எரிந்தது.

சுடலைமணியின் மனைவி அவர் கையிலிருந்த நந்தியாவட்டையை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அந்தோணி மகளின் தோளைப் பிடித்துக்கொண்டார். பட்டியலில் இருந்ததும் வெள்ளைதான் என்பது தமயந்திக்கு உறைக்கச் சிறிது நேரமாயிற்று. ஹெப்சிபா மெதுவாகச் சொன்னாள். "பாத்தீங்களா சார், பெட்டி கெட்டுப்போனாலும் இதுதான், சரியானாலும் இதுதான்."

"இல்ல" என்றார் டாக்டர். கண் கலங்கியிருந்தது. செலினின் முன்னால் முழங்காலிட்டு உட்கார்ந்தார். "இது வேறம்மா. இந்தத் தடவை நெசமாவே பிரிஞ்சிருக்கு. அங்கிட்டு நீ பொழச்சுட்ட."

செலின் செம்பருத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அங்கிட்டு அண்ணாச்சிக்கு என்ன ஆகும் சார்?"

அவர் முழங்காலில் கையை ஊன்றி எழப்போனார்.

"செத்துருவாருல்ல? அதுக்கு எங்க வீட்டுல வருஷா வருஷம் பாயசம் வைக்கணுமா?"

மருந்து ஏற்ற உள்ளே தள்ளிக்கொண்டு போகப்பட்ட சுடலைமணி, கதவைத் தாண்டும்வரை கழுத்தைத் திருப்பி அந்தப் பெண்ணையே பார்த்துக்கொண்டு போனார்.

ஹெப்சிபா பையை மூடினாள். "என் அறிக்கை இன்னைக்கே போகும். அம்பத்தொம்போது பேருக்கு எங்கயுமே மருந்து போகலன்னு ஆனப்புறம், 'இருவருக்கும் கொடுக்கப்பட்டதாக'ன்னு எந்தக் கோர்ட்டும் படிக்க முடியாது. ரெண்டாவது புட்டி வாங்கித்தான் ஆகணும். ரெண்டு மாசம் இழுப்பாங்க." செலினிடம் திரும்பினாள். "உனக்கு எவ்வளவு தாங்கும்னு சொல்லியிருக்காங்க?"

"மூணு மாசம்" என்றாள் செலின். "இழுத்துப் புடிச்சா."

"புடி" என்றாள் ஹெப்சிபா.

டாக்டர் நாற்காலியில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார். "அந்த வீடுகளுக்கு யாரு சொல்றது?"

"நான் போறேன் சார். பொட்டு வச்சது நான்தான்."

ஐம்பத்தொன்பது பெயர்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டாள். முதல் பெயர் கார்மேகம். படித்துப் பார்க்கையில் அதைத் தாண்டிக் கண் போகவில்லை. தாளை மடித்து எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். வெயில் சுள்ளென்று அடித்தது. டீக்கடையில் கூட்டம் இல்லை. பேச்சியம்மாள் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள். தமயந்தி பெஞ்சில் போய் உட்கார்ந்ததும் அவள் கை அப்படியே நின்றது.

"ஒரு டீ போடுங்கக்கா."

பேச்சியம்மாள் ஈரக்கையைச் சேலையில் துடைத்துத் துடைத்து நின்றாள். "உள்ள என்னமோ சண்டையாமே. பெட்டி கெட்டுப்போச்சாமே. நெசமா?"

தமயந்தி சொன்னாள். இந்தத் தடவை சொல்வது அவ்வளவு கடினமாக இல்லை. பேச்சியம்மாள் அடுப்பை அணைத்துவிட்டுக் கேட்டாள். முடிந்ததும் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"அப்ப கார்மேகம் தம்பி..."

"இல்லக்கா. எங்கிட்டும் இல்ல."

பேச்சியம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பிறகு யாரோ கேட்டுவிடுவார்கள் என்பதுபோலக் குனிந்து சொன்னாள். "வருஷா வருஷம் அந்த நாள்ல கடையப் பூட்டிட்டு எங்க போறேன்னு நீ கேட்டதே இல்ல. கண்மாய்க்குப் போவேன். அங்கிட்டு ஒரு பேச்சியம்மா செத்துக் கெடக்காளே. அவளுக்கு யாரு இருக்கா? எனக்கு நானே எள்ளுந் தண்ணியும் எறைச்சுட்டு வருவேன்."

தமயந்தி அவளைப் பார்த்தாள். பாயசம் கிளறிய ஐந்து வருடமும் இந்த முகம் அங்கிட்டு என்னவாகியிருக்கும் என்று அவள் ஒரு தடவைகூட நினைத்துப் பார்த்ததில்லை.

"இந்த வருஷம் வேண்டாம்க்கா" என்றாள். "அந்தப் பட்டியல்ல வெள்ளைதான் இருந்துச்சு. எத்தன உலகம் இருந்தாலும் வெள்ளைதான். நீங்க எங்கிட்டும் சாகல."

பேச்சியம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகையா வேறெதுவுமா என்று தெரியவில்லை. எழுந்து அடுப்பைப் பற்றவைத்தாள். பால் பொங்கியது.

"சீனி?"

"அரைச் சீனி."

கிளாஸை வாங்கி ஊதிக்கொண்டே தமயந்தி கேட்டாள்.

"கண்மாய்ல எந்தப் படித்துறைக்கா? எள்ளு எங்க வாங்குவீங்க?"